துரை கற்ற தமிழும் தொழிலாளி கற்ற மலாயும்

பிறமொழி ஒன்றை மனிதன் எவ்வாறு கற்றுக்கொள்கிறான் என்னும் ஆராய்ச்சி இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனியொரு சாத்திரமாக வளர்ந்து நிற்கிறது. குழந்தை தாய்மொழியைப் பேசப் பழகுவது வேறு; வளர்ந்தவன் மற்றொரு மொழியைத் தன் நாவிற்கு வசமாக்குவது வேறு என்று பகுத்து, பின்னதன் இயல்பினை அச்சாத்திரத்தார் நுணுகி ஆராய்கின்றனர். பிழை ஏன் பிறக்கிறது, எப்போது தீர்கிறது, தீராமல் நிலைத்துவிடும் பிழைக்குக் காரணம் யாது என்பன அவர்களுடைய வினாக்கள். நல்ல வினாக்களே. ஆனால் அந்நூல்களில் நாம் சந்திக்கும் மாணாக்கர் யாவர்? பெரும்பாலோர் வகுப்பறையில் அமர்ந்திருப்பவர். அல்லது அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிற் குடியேறி ஆங்கிலம் பேசத் திண்டாடுபவர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கிப் பால்வெட்டி, மாலையில் சீனர் கடையில் அரிசியும் கருவாடும் வாங்கும்போது பிறமொழி கற்ற தொழிலாளியை அங்கே காண்பது அரிது.

அவனைக் காண விரும்புவோர் கதைகளையும், துரைமார்க்கென்று அச்சிட்ட கைந்நூல்களையும், வேலைநிறுத்தக் கோரிக்கைகளையும் புரட்ட வேண்டியவராகின்றனர். கோலசிலாங்கூரையும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. அவ்வட்டாரத்தில் வாழ்ந்து, மலாய், தமிழ் என்னும் இரு மொழிகளையும் கற்று, அவ்வாழ்வையே நாவலாக்கி உலகப் புகழ் பெற்ற தோட்டக்காரர் ஒருவர் உளர்.

அவர் பெயர் ஆன்ரி ஃபோகோனியே. பிரெஞ்சுக்காரர், 1879இல் பிறந்து 1973இல் மறைந்தவர். 1905இல் மலாயாவுக்கு வந்து, கிள்ளானில் ஒரு தோட்டக்காரரிடம் தொழில் பழகினார். தொழிலோடு மலாயும் தமிழும் அங்கேயே கற்றார். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் நிலம் பெற்று, காட்டை அழித்து ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு முதன்முதல் செம்பனை பயிரிட்டவரும் இவரே. அது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியிலுள்ள தெனமாரம் தோட்டத்தில். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். 1930இல் அவர் வெளியிட்ட 'மலேசி' என்னும் நாவல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே 'மலாயாவின் ஆன்மா' என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலத்தில் வந்தது.

தெனமாரம் என்னும் பெயரைச் சற்று நின்று நோக்குக. அஃது ஐரோப்பியச் சொல்லுமன்று, மலாய்ச் சொல்லுமன்று. தமிழ்த் தொழிலாளி வாயாற் சொல்லும் 'தென்னமரம்' என்பதே ஆங்கில எழுத்தின் வழியாகச் சென்று இவ்வுருப்பெற்றுள்ளது. பண்டிதர் எழுதும் 'தென்னை மரம்' அன்று. பேசுவோன் பேசியபடி ஐகாரம் தேய்ந்த தென்னமரம். நாட்டின் முதற் செம்பனைத் தோட்டத்திற்குத் தென்னையின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான். எனினும், தமிழ்த் தொழிலாளியின் பேச்சைத் துரைமாரின் செவி ஒருமுறையேனும் உள்ளபடி வாங்கிக்கொண்டது என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது.

செவி எவ்வளவு தூரம் வாங்கியது என்பதே கேள்வி. 'மலேசி' நாவலை இக்கேள்வியோடு படிப்போர்க்கு ஒரு வேற்றுமை பளிச்செனத் தோன்றும். கதை சொல்லுபவன் லெஸ்கேல் என்னும் தோட்டக்காரன். அவனுக்குக் குருவைப்போல் அமைந்தவன் ரோலேன். பனையோலை வேய்ந்த வீட்டில், ஸ்மாயில், ஙா என்னும் மலாய்ச் சகோதரர் இருவர் பணி செய்ய, ரோலேன் அந்நாட்டின் உள்ளத்தை லெஸ்கேலுக்கு உணர்த்த முயல்கிறான். அவ்வுள்ளத்தின் திறவுகோல் எது? மலாய் மொழி. நூல் முழுதும் பாந்துன் என்னும் மலாய் நாலடிப் பாடல்கள் மலாயிலேயே அச்சாகியுள்ளன. பிரெஞ்சு வாசகன் பொருள் விளங்காவிடினும் ஓசையையாவது கேட்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். வேற்று மொழியை இத்துணை மரியாதையோடு தம் நூலில் அமரச் செய்த குடியேற்ற நாட்டு எழுத்தாளர் மிகச் சிலரே. அதற்குரிய புகழை அவருக்குக் கொடுப்பதே நேர்மை.

ஆனால் தமிழ் எங்கே? ரப்பர் மரத்தை வெட்டியவர் தமிழர். துரைக்குச் சோறு போட்டது அவர்களுடைய கை. நாவலில் அவர்கள் இல்லாமலில்லை. பழனியாயி என்னும் இளம்பெண் ஒருத்தி கதைசொல்லியின் வாழ்விலே நுழைகிறாள். எனினும், பாந்துனுக்குக் கிடைத்த ஆசனம் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. மலாய் உள்ளத்தின் மொழியாகவும், தமிழ் வேலையின் மொழியாகவும் அந்நூலிற் பிரிந்து நிற்கின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் லயங்களில் ஒலிக்காமலா இருந்தன? அவற்றுக்குச் செவி கொடுக்க வேண்டிய தேவை கதைசொல்லிக்கு நேரவில்லை என்பதே உண்மை. ஒரே மனிதர் ஒரே இடத்தில் இரண்டு மொழிகளைக் கற்றார். ஒன்று அவருக்குக் கவிதையாயிற்று, மற்றொன்று கருவியாயிற்று. அறிவுக் குறைவு என்று இதனைச் சொல்ல இயலாது. அவருடைய செவியின் கூர்மைக்குப் பாந்துன்களே சான்று. அப்படியாயின் வேற்றுமை எங்கிருந்து வந்தது?

விடையைத் துரைமார்க்கென வெளிவந்த கைந்நூல்களிற் காணலாம். இலங்கைத் தோட்டங்களுக்காகக் கொழும்பில் அச்சான அத்தகைய நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. சின்னத் துரையின் சட்டைப்பையில் அடங்கும் தமிழ் வழிகாட்டி என்று அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட மற்றொன்றுக்குக் 'கூலித் தமிழ்' என்று பெயர். தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்று தலைப்பிலேயே விளக்கமும் உண்டு. இலங்கையில் தொழில் பழகிய துரைமார் பலர் மலாயாவுக்கும் வந்தவராதலின் இத்தமிழும் அவர்களோடு கப்பலேறியது.

இத்தலைப்புக்களை இலக்கண நூலைப் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். 'இங்கே வா' என்பது ஏவல் ஒருமை. தமிழில் 'வாருங்கள்' என்று ஒரு வடிவம் உண்டென்பதும், அப்பா, அண்ணன் முதலிய உறவுப் பெயர்களால் அந்நியனையும் அழைக்கலாம் என்பதும் சட்டைப்பைக்குள் அடங்கவில்லை போலும். தொழிலாளர் 'விளங்கிக்கொள்ளும்' தமிழ் என்று சொல்லும்போதோ, ஒரு தீர்ப்பே வழங்கப்பட்டுவிடுகிறது: அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியவர், துரை சொல்ல வேண்டியவர். தொழிலாளர் பேசும் தமிழை விளங்கிக்கொள்ளும் நூல் என்று தலைப்பிட எவர்க்கும் தோன்றவில்லை. இவ்வகை நூல்கள் பெரிதும் ஏவல் வாக்கியங்களால் ஆனவை: வா, போ, வெட்டு, கொண்டுவா, நிறுத்து. வினாக்களும் உண்டு, அவை கணக்குக் கேட்கும் வினாக்கள். 'நீர் என்ன நினைக்கிறீர்' என்பது கணக்கன்று.

1919இல் அமைந்த தோட்டக்காரர் சங்கம் தன் உறுப்பினர்க்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. சர்க்கார் தொழிலாளர் இலாகாவுக்கென்று சேர்ந்த அதிகாரிகளைத் தமிழ் கற்க இந்தியாவுக்கே அனுப்பியது. ஆக, நூல், முன்ஷி, தேர்வு, வேலை உயர்வு என்று பிறமொழி கற்பதற்கு வேண்டிய வசதிகளெல்லாம் துரைமார்க்கு இருந்தன. இத்தனையும் இருந்தும் அவர்களிற் பெரும்பாலோர் தமிழ் ஏவலைத் தாண்டவில்லை. ஏன் தாண்ட வேண்டும்? பதில் பேசுவார் இல்லாத இடத்தில் மொழி வளர்வதற்குக் காரணமே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை அதே கடற்கரையில், நூறாண்டுக்கு முற்பட்ட மலாக்காவிற் காண்கிறோம். முன்ஷி அப்துல்லா 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில், தம் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பிய செய்தியைக் கூறுகிறார். மலாக்காவில் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலந்தொட்டு வழக்கமாக இருந்ததாம். கணக்கெழுதவும், ஊரில் நிறைந்திருந்த இந்திய வணிகரோடு உரையாடவும் அது பயன்பட்டது. அங்கே தமிழ், முதல் வைத்திருப்பவனின் மொழி. மலாய் மொழி தமிழிலிருந்து கொண்ட பழஞ்சொற்களும் அதையே கூறும்: கப்பல் 'காப்பால்' ஆயிற்று, கடை 'கெடாய்' ஆயிற்று, முதல் 'மோடால்' ஆயிற்று, பெட்டி 'பெத்தி' ஆயிற்று. பின்வந்த காலத்தில் மலாய் வாங்கிக்கொண்ட 'தம்பி' என்னும் சொல்லோ, ஏவலாளனையும் தெரு வியாபாரியையும் குறித்தது. உறவுச் சொல் உத்தியோகச் சொல்லாகத் தேய்ந்தது. தமிழ் மாறவில்லை, அதைப் பேசியவனின் நிலை மாறியது.

இனித் தொழிலாளியின் பக்கம் வருவோம். அவனுக்குச் சட்டைப்பை நூல் இல்லை, சட்டையே ஒன்றுதான். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும், கங்காணி வழியாக, 1938இல் இந்திய சர்க்கார் உதவிக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரையில், தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கியவர் அனைவரும் மலாய் மொழியை வாயால்தான் கற்றனர். யாரிடம் கற்றனர்? இங்கேதான் ஆராய்ச்சியாளர் நிதானிக்க வேண்டும். 'மலாய்க்காரரிடம்' என்று விடை சொல்வது எளிது. ஆனால் தோட்டத் தொழிலாளி அன்றாடம் மலாய் பேச வேண்டியிருந்தது பெரும்பாலும் சீனக் கடைக்காரரோடு. கடைக்காரருக்கும் மலாய் தாய்மொழியன்று. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் வயலும் தோட்டமும் திருத்தியவருள் ஜாவானியர் பலர்; பஞ்சாரியரும் உண்டு. அவர்கள் வீட்டில் பேசியதும் வேறு மொழிகளே. இவ்வாறு, எவர்க்கும் தாய்மொழியல்லாத ஒரு மலாய், எல்லார்க்கும் பொதுவாகச் சந்தையில் உலவியது. அதற்குப் பசார் மலாய் என்று பெயர்.

அதன் அமைப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவோம். நன்மலாயில் 'என் வீடு' என்பதை 'ரூமா சாயா' என்பர்; வீடு முன்னும் நான் பின்னும் வரும். பசார் மலாயில் அதுவே 'சாயா பூஞா ரூமா' ஆகிறது. 'பூஞா' என்பது உடைமையைக் குறிக்கும் சொல். இவ்வரிசை 'என்னுடைய வீடு' என்னும் தமிழ் வரிசையோடு அடியொற்றிச் செல்கிறது. சீன மொழி வழக்கிலும் உடையவனே முன் வருவான். இதன் பிறப்பைச் சீன வழக்கோடு இணைத்துப் பேசுவதே மரபு. ஆயினும் தமிழன் அதனைத் தயக்கமின்றிப் பற்றிக்கொண்டதற்கு அவனுடைய தாய்மொழியும் துணை செய்தது என்பதில் ஐயமில்லை. கடைக்காரரும் தொழிலாளியும் நடுவழியில் சந்தித்துக் கை குலுக்கிய இலக்கணம் அது. இருவரும் வந்தேறிகள், இருவரும் மலாயின் வீட்டைத் தங்கள் வாசலிலிருந்து கட்டினர்.

தமிழ் பேசுவோனுக்கு மலாய் ஓசையில் ஓர் இடையூறும் உண்டு. நம் எழுத்தில் பகரம் ஒன்றே. அது வல்லோசையா மெல்லோசையா என்பதை இடம் நோக்கி உணர்கிறோம். மலாயிலோ சொல்லின் முதலிலேயே அவ்விரு ஓசையும் பொருளை மாற்றும். 'கொடு' என்பதும் 'காலை' என்பதும் தமிழெழுத்தில் எழுதினால் 'பாகி' என்ற ஒரே சொல்லாகிவிடும். 'இரண்டு' என்பதும் 'முதிர்ந்த' என்பதும் இவ்வாறே 'துவா' ஆகும். மலாயைத் தமிழெழுத்தில் எழுதிப் படித்தவர்க்கு இக்குழப்பம் தவிராது. காதால் மட்டும் கற்றவர்க்கோ எழுத்தின் மயக்கம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாமை பிறமொழி கற்பதற்குத் தடை என்று பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

போகட்டும். அவர்கள் கற்ற மலாய் அவர்களோடு நின்றதா? தோட்டத் தமிழுக்குள்ளும் புகுந்தது. ரப்பரைக் 'கித்தா' என்றும், பிரம்பை 'ரோத்தான்' என்றும், காவலாளியை 'ஜாகா' என்றும் சொல்லும் தமிழைக் கேட்டு முகம் சுளிப்பவர் உளர். கித்தாக் காட்டில் வேலை செய்பவன் 'இரப்பர்ப் பால்மரம்' என்று கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தால் கங்காணி பிரட்டுச் சீட்டில் பாதி நாள் எழுதிவிடுவான்!

வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவோம். 1923இன் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளில் போதனை தமிழில் நடந்தது. மலாய் அங்கே பாடமாக முக்கியம் பெறவில்லை. 1956இன் ரசாக் அறிக்கைக்குப் பிறகு, 1957இன் கல்விச் சட்டத்தோடு நிலைமை மாறியது. தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்விமுறைக்குள் வந்தன. மலாய் கட்டாயப் பாடமாயிற்று. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியின் முதற் படிவத்திற்குள் நேரே நுழைய இயலாமல், மொழிப் பயிற்சிக்கென்று புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டியதாயிற்று. 1970 தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாற்றப்பட்டபோது, உயர்கல்வியின் கதவுக்கு மலாயே சாவி ஆகிவிட்டது.

தோட்டப் பிள்ளை இப்போது இரண்டு மலாய்களுக்கு நடுவில் நின்றது. தந்தை கடையில் பேசுவது ஒன்று; புத்தகத்தில் இருப்பது மற்றொன்று. தந்தையிடம் கற்ற 'சாயா பூஞா ரூமா'வை எழுதினால் சிவப்பு மை. அதுவரை பக்கத்துக் கம்பத்தானோடு தாராளமாகப் பேசிய பிள்ளை, வகுப்பில் வாய் திறக்க அஞ்சியது. கற்ற மொழியையே கற்கவில்லை என்று சொல்லக் கேட்டால் யார்தான் அஞ்சார்?

இங்கே மேனாட்டுச் சாத்திரத்தைச் சோதிப்போம். பிட் கார்டர் என்பவர் 1967இல், கற்பவனுடைய பிழைகள் வெறும் பிழைகள் அல்ல, அவன் உள்ளத்தில் உருவாகும் ஓர் ஒழுங்கின் அடையாளங்கள் என்றார். அருமையான கருத்து, சிவப்பு மை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அறிய வேண்டுவது. 1972இல் செலிங்கர் என்பவர் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடையில் அமையும் இவ்வொழுங்குக்கு 'இடைமொழி' என்று பெயரிட்டார். அவ்விடைமொழி முன்னேறாமல் ஓரிடத்தில் உறைந்துவிடுவதைக் கல்லாய்ப்போதல் என்று உவமித்தார். இவ்வுவமையில்தான் நமக்கு உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளியின் பூஞா கல்லாய்ப்போன பிழையன்று. அவன் கேட்ட மொழி அது. கேட்டதைச் சரியாகவே கற்றான். 'ரூமா சாயா' என்பதை நாள்தோறும் அவன் காதில் போட்டவர் யாவர்? எட்டாத பழத்தைப் பறிக்கவில்லையென்று ஒருவனைச் சோம்பேறி என்பது போன்றது இவ்வழக்கு.

ஷூமன் என்பவரின் கொள்கை இன்னும் சுவையானது. 1978இல் வெளியான நூலில், கோஸ்டா ரிக்கா நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஆல்பெர்ட்டோ என்னும் 33 வயதுத் தொழிலாளியைப் பற்றி எழுதினார். பத்து மாதம் கவனித்தும் அவன் ஆங்கிலம் வளரவில்லை. அவனுக்கும் ஆங்கிலம் பேசும் சமூகத்துக்கும் இடையிலிருந்த தூரமே அதற்குக் காரணம் என்றார். தனித்து ஒதுங்கி வாழும் கூட்டம், தன் கோயில் தன் கடை என்று அடைபட்ட கூட்டம், சில காலத்தில் ஊர் திரும்புவோம் என்றெண்ணும் கூட்டம் பிறமொழியை அரைகுறையாகவே கற்கும் என்பது அக்கொள்கையின் சாரம். தோட்ட லயத்தைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறதல்லவா?

ஆனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, அத்தூரத்தை அளந்து வேலியிட்டவர் யார்? தொழிலாளி தானாக விலகி வாழவில்லை. லயத்தைக் கட்டியவர், கள்ளுக்கடை வைத்தவர், உறவினர் வந்து போவதற்கும் அனுமதி கேட்கச் செய்தவர் வேறொருவர். கற்பவனின் மனநிலையில் எழுதப்பட்ட கணக்கு, நிலவரை படத்தில் எழுதப்பட வேண்டிய கணக்கு. இரண்டாவது, இதே அளவுகோலைத் துரையின்மீது வைத்தால் என்ன ஆகும்? தனி மேட்டில் பங்களா, தனிக் கிளப்பு, ஓய்வுபெற்றதும் ஊர் திரும்பும் எண்ணம்: தூரத்தின் இலக்கணமெல்லாம் அவரிடமும் உண்டு. அவர் தமிழும் அரைகுறையே. ஆயினும் அதைக் கல்லாய்ப்போனது என்று எவரும் கூறவில்லை. துரைக்குத் தமிழ் தெரியும் என்று புகழ்ந்தனர். தொழிலாளிக்கு மலாய் தெரியாது என்று இகழ்ந்தனர்.

பானி நார்ட்டன் என்னும் அம்மையார் 1995இல், கனடாவில் குடியேறிய பெண்களைக் கொண்டு எழுதிய கட்டுரையில் இவ்வோட்டையை ஓரளவு அடைத்தார். யார் பேசலாம், யார் பேச்சைக் கேட்பார் உளர் என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது. ஆதலின் கற்பவனின் ஊக்கத்தை மட்டும் அளப்பது போதாது என்பது அவர் வாதம். சாத்திரம் இத்தனை ஆண்டு கழித்துக் கண்டதைக் கிள்ளான் தொழிலாளர் 1941லேயே கோரிக்கையாக எழுதிவிட்டனர்.

அவ்வாண்டு கிள்ளான் மாவட்டத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே மாதத்தில் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். அவசர நிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு, கொடுமை செய்யும் மேலாட்களை நீக்கித் தமிழ் பேசும் ஊழியரை அமர்த்த வேண்டும் என்பதும் இருந்தது. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கை ஒழிக்கக் கோரியதும் அப்பட்டியலில் உண்டு.

இவ்விரு கோரிக்கைகளும் ஒரே இலக்கணத்தைச் சேர்ந்தவை. பேச்சிலே 'இங்கே வா' எதுவோ, நடையிலே சைக்கிளிலிருந்து இறங்குவது அதுவே. தேர்வு எழுதித் தேறிய துரைமார் இருந்த நாட்டில் 'தமிழ் பேசும் ஊழியர் வேண்டும்' என்று தொழிலாளர் கேட்டனர் எனில், கற்ற தமிழைப் பற்றி அதனைக் கேட்டவர் கூறிய மதிப்புரை அது. தேர்வாளர் போட்ட மதிப்பெண்ணைவிட இம்மதிப்புரைக்கே நாம் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

தமிழிலும் மலாயிலும் உள்ளதோர் ஒற்றுமையை இங்கே கூறாமல் விட இயலாது. 'நாம்' என்றால் கேட்பவனும் உட்பட; 'நாங்கள்' என்றால் கேட்பவன் நீங்கலாக. மலாயில் அவை முறையே 'கீத்தா', 'காமி'. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஆதலின் இந்நுட்பத்தை ஐரோப்பியர் உழைத்துக் கற்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கோ அது பிறப்பிலேயே கிடைத்த சொத்து. 'உன் நாமும் நாங்களுமே இவை' என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் பாடம் முடிந்தது. 'மூன்று பேர்' என்பதில் வரும் 'பேர்' போலவே 'தீகா ஓராங்' என்பதில் 'ஓராங்' நிற்கிறது என்பதும் அவ்வாறே. தமிழ் தெரிந்திருப்பது மலாய் கற்பதற்கு இடையூறு என்று கருதிய கல்வி அதிகாரிகள் எத்தனை பேர் இதனை எண்ணிப் பார்த்தனர்?

வேடிக்கை என்னவெனில், பசார் மலாய் இவ்வேற்றுமையைப் பெரும்பாலும் கைவிட்டு, 'கீத்தா ஓராங்' என்ற ஒன்றையே எல்லாவற்றுக்கும் வழங்கியது. சந்தையில் கேட்பவனைச் சேர்ப்பதா விலக்குவதா என்று ஆராய நேரமில்லை. துரையின் தமிழிலோ சிக்கல் வேறு. தொழிலாளியை நோக்கி 'நாம்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றை அவர் எப்பொழுது சொல்ல நேரும்? 'நாம் இன்று வெட்டுவோம்' என்றால் அது பொய். 'நாங்கள்' என்றால் அது பங்களா. சட்டைப்பை நூல்கள் ஏவலோடு நின்றதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமன்று. அச்சமூகத்தில் 'நாம்' என்பதற்குப் பொருளாகக் கூடியது எதுவும் இல்லை. ஃபோகோனியேயின் ரோலேன் மலாய்ச் சகோதரரோடு அத்தகைய 'கீத்தா'வை நாடினான். நாவலின் முடிவில் ஸ்மாயில் வெறிகொண்டு ஓடும்போது அதுவும் எவ்வளவு மெல்லிய இழை என்பது தெரிந்துவிடுகிறது. தமிழரோடு அவ்விழையும் இல்லை.

கற்பவனே எழுதிய நூல் வேண்டுமாயின் கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, 'திரும்புதல்' எனப் பொருள்படும் தலைப்புடைய நாவலைப் படிக்கலாம். களம் வடக்கே, கெடா. ரவி என்னும் சிறுவன் ஆங்கிலப் பள்ளியில் மிஸ் நான்சியிடம் மொழி கற்கிறான். கற்கக் கற்கத் தன் வீட்டிலிருந்து விலகுகிறான். பிறமொழி கற்றலை வெற்றியாக மட்டும் காணும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்விலகலுக்குப் பத்தி இல்லை. வட சிலாங்கூர்ப் பிள்ளை புகுமுக வகுப்பில் இழந்ததையும் பெற்றதையும் இவ்வாறு எழுதிய நாவல் தமிழில் வர வேண்டும். ஃபோகோனியே ரந்தாவ் பாஞ்சாங்கைப் பிரெஞ்சு இலக்கியத்தில் ஏற்றினார். நம்மவர் அதே மண்ணை, லயத்து முற்றத்திலிருந்து பார்த்து, அங்கே ஒலித்த மூன்று நான்கு மொழிகளோடும் எழுத இடமிருக்கிறது. எழுதுவோர் மலாய் உரையாடலை நன்மலாயாகத் திருத்திவிடாதிருக்க வேண்டும். பூஞா இல்லாத தோட்டத்து மலாய், கருவாடு இல்லாத சீனர் கடை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்தன; குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போயின. இன்று அத்தோட்டங்களில் குலை அறுப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். அவர்களை மேய்க்கும் மண்டோர் சில இடங்களில் இன்னும் தமிழர். வங்காளி இளைஞன் இந்நாட்டின் மொழியில் முதற்பாடம் பெறுவது அத்தகைய மண்டோரிடமிருந்தும் அக்கடைத்தெருவிலிருந்தும்தான். சீனரும் தமிழரும் கூடிக் கட்டிய பூஞா இப்போது அவன் நாவில் ஏறுகிறது. ஆராய்ச்சிக்குப் புறப்படும் மாணவர் எவரேனும் அங்கே சென்றால், அவனுடைய பிழைகளை எண்ணுவதற்கு முன்னர், மண்டோர் அவனிடம் முதன்முதல் சொன்ன மலாய் வாக்கியம் எது என்பதைக் குறித்துக்கொள்க.